இடது கார்னர்

எங்கள் டீமில் யாருக்கும் சொந்தப் பேர் கிடையாது. ஊர்ப் பேர்தான். பாலையம்பட்டி, பந்தல்குடி, காரியாபட்டி, திருச்சுழி, பரளச்சி என்று எங்களை வரிசையாகக் கூப்பிட்டால் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் சத்தம் கொடுக்கிற மாதிரியே இருக்கும். என் ஊர் குமாரலிங்கபுரம். அதை முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் எதிராளி பாடி வந்து, ஆளைத் தொட்டு, நடுக்கோட்டுக்கும் திரும்பிப் போய்விடுவான். அதனால் 'லிங்கம்' ஆனேன். அதுதான் என் நிஜப் பேர் என்று நினைத்துக்கொண்டு வருகைப் பதிவேட்டில் என்னைத் தேடித் தேடிச் சலித்துப்போன பேராசிரியர் ஒருவர் உண்டு.

1990ஆம் வருஷம். பி.காம். இரண்டாம் ஆண்டு. எங்கள் ஊர்ப் பக்கத்துப் பையன்களுக்கு அருப்புக்கோட்டைதான் பட்டணம், அங்கே இருக்கிற காலேஜ்தான் காலேஜ். நான் படித்ததற்குப் பேர் வேண்டாம். கபடி டீம் ஒன்று அதற்கு இருந்தது, அது போதும்.

ஆடி பிறந்ததும் முதல் வேலை களம் போடுவது. கரிசலில் கபடி ஆட முடியாது. காய்ந்தால் கணுக்கால் உள்ளே போகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். நனைந்தால் ஆளுக்கு ரெண்டு படி மண்ணைக் காலில் ஒட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும். விதை விழ நல்ல மண், ஆள் விழ ஆகாது. அதனால் செவக்காட்டு மண் ஒரு டிராக்டர் அடித்து, கொத்தனார் சல்லடையில் சலித்து, மரக்கடையில் சும்மா கொடுக்கிற மரத்தூளைக் கலந்து, தண்ணீர் தெளித்து, காலால் மிதித்து, திமிசுக்கட்டையால் அடித்து இறுக்குவோம். பன்னிரண்டரை மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலம். பி.டி. சார் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தத் தரை முழுக்க ஒருமுறை நடப்பார். காலில் கல் உறுத்தினால் போச்சு. அந்தப் பக்கம் சலித்தவன் மைதானத்தைப் பத்துச் சுற்று ஓட வேண்டும். இதை வீட்டில் சொன்னபோது எங்கள் அய்யா வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே கேட்டார்: "ஒண்ணும் முளைக்காத எடத்துக்கு எதுக்குடா மண்ணச் சலிக்கிறீங்க?"

நான் இடது கார்னர். பாடி வருகிறவன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் கடைசியில் மூலைக்கு வந்துதான் திரும்புவான். அவன் கண்ணைப் பார்க்கக் கூடாது, கண் பொய் சொல்லும். கையையும் பார்க்கக் கூடாது. குதிகாலைப் பார்க்க வேண்டும். முன்னங்காலை நீட்டி நம் விரலைத் தொடப் பார்க்கும்போது பின்னங்காலின் குதி தரையை விட்டு அரை விரற்கடை எழும்பும். அந்த நேரம்தான். விழுந்து, இரண்டு கையாலும் கணுக்காலைச் சேர்த்துப் பிடித்து, நெஞ்சோடு அணைத்து, தோளைத் தரையில் ஊன்றிவிட வேண்டும். பெருவிரல் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பிரிந்து நின்றால் முறியும். என் வலது கைப் பெருவிரல் இன்றைக்கும் மழைக்கு முந்தின நாள் வலிக்கிறது. வானிலை அறிக்கை கேட்க எனக்கு ரேடியோ வேண்டியதில்லை.

இதை எனக்கு எந்தக் கோச்சும் சொல்லித்தரவில்லை. எங்கள் வீட்டில் பதினைந்து ஆடு. அடைக்கிற நேரத்தில் குட்டியைப் பிடிக்க ஓடினால் அது ஊரைச் சுற்றும். நின்று, அது தூக்குகிற பின்னங்காலைப் பிடித்தால் மறு பேச்சில்லாமல் நிற்கும். ஊன்றின காலைப் பிடித்தால் உன்னையும் இழுத்துக்கொண்டு போகும். சிறு வயதிலிருந்து அய்யா சொன்ன பாடம் அவ்வளவுதான்.

ஆனால் கார்னர் தனி ஆளில்லை. பக்கத்தில் 'இன்' நிற்பான். இருவரும் கை கோத்துத்தான் நிற்போம். என் லெஃப்ட் இன் பரளச்சி. அவன் உள்ளங்கையை இப்போது கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் கண்டுபிடித்துவிடுவேன். மேழி பிடித்துப் பிடித்து உள்ளங்கையில் நாலு விரலுக்கும் கீழே வரிசையாகக் காய்ப்பு. சுண்டு விரல் அடியில் இருந்தது மட்டும் பெரிசு. ஆட்டத்தில் நாங்கள் பேசுவதில்லை. ஒரு அமுக்கு அமுக்கினால் 'பொறு'. இரண்டு அமுக்கு என்றால் 'நான் காலுக்கு இறங்குகிறேன், நீ மேலே விழு'. எதிராளிக்குத் தெரியாது, எங்கள் டீமிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. அவன் காலேஜுக்குச் சேர்ந்த முதல் வாரம், மாலைப் பயிற்சியில், தானாக வந்த பழக்கம். யார் முதலில் அமுக்கியது என்று நாங்கள் இருவருமே சண்டை போட்டிருக்கிறோம்.

அந்த செப்டம்பர் கடைசியில் பெய்ஜிங்கில் ஆசிய விளையாட்டு தொடங்கியது. கபடி முதல்முறையாகப் பதக்கப் போட்டியாக அதில் சேர்ந்தது. டீக்கடை ரேடியோவில் செய்தி வருகிற நேரத்துக்கு நாங்கள் எல்லோரும் பயிற்சியை நிறுத்திவிட்டு நிற்போம். இந்தியா தங்கம் வாங்கியது. வங்கதேசம் வெள்ளி, பாகிஸ்தான் வெண்கலம். தங்கம் என்ற சொல் கேட்டதும் பந்தல்குடி டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நடுரோட்டில் ஒரு சுற்று பாடிக் காட்டினான். பஸ்ஸே நின்றது. ஊர்ப் பெரிசுகள் 'வெட்டிப் பயல்கள் ஆட்டம்' என்று சொல்லிவந்த ஆட்டத்துக்குச் சீனத்தில் கொடி ஏற்றியிருக்கிறார்கள் என்பதை வீட்டில் போய்ச் சொல்ல அத்தனை பேருக்கும் அவசரம். நான் சொன்னேன். அய்யா, "அங்க மழை பெஞ்சிருக்கா?" என்றார்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் யாரும் அந்த மாசத்தில் வேறெதுவும் கேட்பதில்லை. வானம் பார்த்த பூமி. புரட்டாசிக் கடைசியிலும் ஐப்பசியிலும் விழுகிற மழையைப் பிடித்து விதைத்தால் உண்டு. விட்டால் அடுத்த வருஷம். அதுவும் மழை ஊருக்குப் பொதுவாகப் பெய்யாது. திருச்சுழியில் குண்டாறு நனையும், பந்தல்குடியில் தூசி பறக்கும். ஒரு காட்டுக்குப் பெய்து, வரப்பு தாண்டி அடுத்த காட்டுக்குப் பெய்யாமல் போன கதையெல்லாம் உண்டு. பல்கலைக்கழகக் கபடிப் போட்டியும் எங்களுக்கு அதே மாசத்தில்தான் வந்தது. அட்டவணை போட்டவர்களுக்கு விதைப்பு தெரிந்திருக்க நியாயமில்லை. ஒவ்வொரு வருஷமும் வானம் இருட்டினால் பி.டி. சார் முகமும் இருட்டும். 'மழை வந்தா எத்தன பேர்டா இருப்பீங்க?' என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வார். டவுன் பையன்கள் கை தூக்குவார்கள். நாங்கள் வானத்தைப் பார்ப்போம்.

தங்கை மகன் இப்போது அமெரிக்காவில், மிச்சிகனில் படிக்கிறான். போன வருஷம் அவன் காலேஜ் ஆட்டத்தைப் போனில் காட்டினான். அமெரிக்கன் ஃபுட்பால். பேர்தான் கால்பந்து, பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அவனைக் காலோடு கட்டிப் பிடித்துத் தள்ளுகிறார்கள். "மாமா, நம்ம சடுகுடுதான இது?" என்றான். பாதி சரி. நடுவில் ஒரு கோடு, அதற்கு இந்தப் பக்கம் பதினொரு பேர், அந்தப் பக்கம் பதினொரு பேர், நாலு தடவைக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். அந்த ஸ்டேடியத்தில் 1,07,601 பேர் உட்காரலாமாம். எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் அத்தனை பேரை உட்கார வைத்துப் பார்த்தேன், முடியவில்லை. 1869 நவம்பர் 6ஆம் தேதி ரட்கர்ஸ் காலேஜும் பிரின்ஸ்டனும் பக்கத்துக்கு இருபத்தைந்து பேராக ஆடியதிலிருந்து அங்கே காலேஜ் சீசன் கணக்கு தொடங்குகிறது. ரட்கர்ஸ் 6க்கு 4 என்று ஜெயித்தது. அன்றைக்கு ஆடியது இந்த ஆட்டமே இல்லை, உருண்டைப் பந்தைக் காலால் உதைக்கிற ஆட்டம் என்கிறான் பையன். ஆட்டம் எப்படியோ மாறிக்கொண்டுதான் வந்திருக்கிறது, எங்களுடையதைப் போல.

இரண்டு விஷயம் எனக்குப் பிடித்தது. ஒவ்வொரு முறை விழுந்து எழுந்த பிறகும் எல்லோரும் கூடி நின்று தலையைச் சேர்த்துக்கொண்டு பேசுகிறார்கள். எங்களுக்கு அந்த வசதி இல்லை, கைதான் வாய். இன்னொன்று, அவர்கள் சீசனும் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி நவம்பர் வரை. அந்தப் பக்கத்து மக்காச்சோளக் காட்டில் அது அறுப்புக் காலமாம். வீடு நிறைந்திருக்கிற நேரத்தில் பிள்ளைகள் ஆடுகிறார்கள். இதைக் கேட்டபோது மட்டும் எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

நம்மூர் டிவி கபடியையும் பார்க்கிறேன். 2014இல் புரோ கபடி வந்தது, 2017இல் தமிழ் தலைவாஸ் வந்தது. ரப்பர் விரிப்பு, ஷூ, ஒரு ரெய்டுக்கு முப்பது விநாடி. குறை சொல்லவில்லை, பையன்களுக்குச் சம்பளம் கிடைக்கிறது. எங்கள் காலத்தில் கடிகாரம் இல்லை, தம்தான். அம்பயர் பாடுகிறவன் பின்னாலேயே காதை நீட்டிக்கொண்டு நடப்பார், எங்கே மூச்சு விட்டான் என்று. தொண்டை வறண்டு 'கபடி' 'கடி' ஆகி, 'கடி' வெறும் காற்றாகிற இடத்தில் நாங்கள் விழுவோம். நல்ல கார்னருக்குக் காதும் வேண்டும். இப்போதைய ஆட்டத்தில் அந்தச் சத்தம் இசைக்கு நடுவே கேட்பதில்லை.

அந்த 1990க்கே திரும்புகிறேன். மண்டலச் சுற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், அதில் பெரிசாக ஒன்றுமில்லை. மூன்று ஆட்டம், மூன்றும் ஜெயித்தோம். ஒன்றில் எதிரணி ஆளே சரியாக வரவில்லை. தீபாவளிக்கு அடுத்த வாரம் மதுரைப் பல்கலைக்கழக மைதானத்தில் அரையிறுதியும் இறுதியும். எங்கள் கேப்டன் ஒரு கணக்கு வைத்திருந்தான். அந்த செப்டம்பரில்தான் திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் தனியாக வந்தது. தெற்கத்தி டீம்கள் இனி அந்தப் பக்கம் போய்விடும், வருஷா வருஷம் நம்மை மண் கவ்வ வைத்த நெல்லைக்காரன், தூத்துக்குடிக்காரன் தொல்லை விட்டது, கப்பு இனி நமக்குத்தான் என்பான். அரசாங்கமே எங்களுக்காகப் பல்கலைக்கழகத்தைப் பிரித்ததாக அவன் பேசுவதைக் கேட்டால் சிரிப்பு வரும்.

அரையிறுதிக்குப் போகிற அன்று விடியற்காலை குமாரலிங்கபுரத்திலிருந்து வந்து அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். எங்கள் ஊரில் பொட்டு மழை இல்லை. வேஷ்டி ஓரமெல்லாம் கரிசல் சேறாக ஒருத்தர் என்னிடம் வந்தார். பரளச்சிக்காரர், ஓரிரு முறை பார்த்த முகம். "தம்பி, நீ அவங்கூட ஆடுற பயதான? நேத்து ராத்திரி ஊர்ல நல்ல மழை. உழவு மழை. அவங்க ஆத்தா வரச் சொல்லுச்சு. இன்னைக்கு அவங்க மொற. மத்தியானத்துக்குள்ள வந்து ஏர் பூட்டலேன்னா மாடு சித்தப்பன் காட்டுக்குப் போயிரும்னு சொல்லு." சொல்லிவிட்டு விதைக் கடைப் பக்கம் வேகமாகப் போய்விட்டார்.

பரளச்சி வீட்டில் ஒரு மாடு, அவன் சித்தப்பா வீட்டில் ஒரு மாடு. இரண்டையும் ஒரே நுகத்தில் பூட்டி, முறை வைத்து உழுவார்கள். அப்பா இல்லை. இவன்தான் மேழி பிடிக்க வேண்டும். எனக்கு இதெல்லாம் தெரியும். தெரியாது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

அவன் டவுனில் தன் மாமா வீட்டில் தங்கிப் படித்தான். ஐந்து நிமிஷம் கழித்து டிபன் தூக்கோடு சிரித்துக்கொண்டே வந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

பஸ் காரியாபட்டி தாண்டும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மதுரையில் பஸ் மாறும்போது நினைத்தேன். களத்தில் இறங்கி அவன் கையைப் பிடித்த பிறகு அந்த நினைப்பு போய், இன்னொரு நினைப்பு வந்தது: மத்தியானம் ஆகிவிட்டது, இனிச் சொல்லித்தான் என்ன.

இடைவேளைக்குப் பிறகு நாங்கள் இரண்டு பாயிண்ட் பின்னால். கை கோத்து நிற்கும்போது அவன் குனிந்தபடியே கேட்டான். "என்ன மாப்ள, கை இப்பிடி வேர்க்குது?"

"வெயிலு."

"வெயிலா? மேல பாரு." நாகமலைப் பக்கம் மேகம் கறுத்துக் கிடந்தது. ஒரு விநாடி அதையே பார்த்தான். "நம்மூர்ப் பக்கம் எறங்கியிருக்குமோ?"

அதற்குள் பாடுகிறவன் நடுக்கோட்டைத் தாண்டிவிட்டான். ஒரு அமுக்கு. பொறுத்தோம். இன்னொரு அமுக்கு அமுக்கியது யார் என்று இன்றுவரை தெரியாது. நான் காலில் இருந்தேன், அவன் மேலே இருந்தான். அதற்கப்புறம் அவன் ஆடியது ஒரு ஆட்டம். தனியாக நின்று ஒருத்தனைத் தொடையோடு தூக்கி வெளியே வைத்தான். ஒரு பாயிண்டில் ஜெயித்தோம். பி.டி. சார் அவன் தலையைப் பிடித்து ஆட்டினார்.

ராத்திரி புரோட்டாக் கடையிலிருந்து திரும்பும்போது சொன்னேன். அவன் நின்றான்.

"எப்ப சொன்னாரு?"

"காலைல. பஸ் ஸ்டாண்டுல."

திட்டுவான் என்று நினைத்தேன், திட்டவில்லை. தங்கியிருந்த ஹாலுக்கு வந்து, நாலாம் நம்பர் பனியனைக் கழற்றி நாலாக மடித்து என் பையின் மேல் வைத்தான். டிபன் தூக்கை எடுத்துக்கொண்டான். கடைசி பஸ் பிடிக்கக் கிளம்பிவிட்டான். பி.டி. சார் கேட்டபோது, ஊரில் அவசரம் என்றேன். அவர் வெளியே போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தார். என்னைத் திரும்பக் கேட்கவில்லை.

இறுதி ஆட்டத்தில் நாலாம் நம்பர் அருப்புக்கோட்டைத் தறிக்காரர் வீட்டுப் பையனுக்கு. நல்ல பையன், வேகமான கால். கை மட்டும் மெத்தென்று, வழுக்கிற மாதிரி இருந்தது. ஜாடையை அவனிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எழுத்து தெரிந்தவனுக்கு எழுத்து தெரியாதவன் இருப்பான் என்பது மறந்துபோகிற மாதிரி. முடிய மூன்று நிமிஷம், பாயிண்ட் சமம், களத்தில் எங்கள் பக்கம் நானும் அவனும் மட்டும். எதிராளி பாடி வந்தான். தம் குறையத் தொடங்கியிருந்தது, எனக்குக் கேட்டது. இன்னும் ரெண்டு எட்டு விட்டால் அவனே திரும்பிவிடுவான். ஒரு அமுக்கு அமுக்கினேன்.

அவன் பாய்ந்துவிட்டான். அவர்கள் தெரு டீமில் ஒரு அமுக்கு என்றால் 'பாய்'. அதைப் பிறகு அழுதுகொண்டே சொன்னான். கோத்திருந்த கையோடு நானும் இழுபட்டு முன்னால் விழுந்தேன். எதிராளி இரண்டு பேரையும் உரசிக்கொண்டு கோட்டில் கை வைத்தான். ஆளுக்கொரு பாயிண்ட் இரண்டு, களம் காலியானதற்கு லோனா இரண்டு. மிச்ச நேரத்தில் அவர்கள் ஒன்று எடுத்தார்கள், நாங்கள் ஒன்று எடுத்தோம். நாலு பாயிண்டில் தோற்றோம். அந்தப் பையன்மேல் எல்லோரும் கோபப்பட்டார்கள். நான் அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வீட்டுக்குப் போகாமல் பரளச்சிக்குப் போனேன். காட்டுக்கு வழி கேட்டுப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. மழைக்குப் பிறகு இரண்டு நாளும் சுள்ளென்று அடித்திருந்தது. மேல் மண் வெளுத்துப் பொருக்குத் தட்டத் தொடங்கியிருந்தது. காலால் கீறிப் பார்த்தேன். நாலு விரற்கடைக்குக் கீழே ஈரம் கறுப்பாக இருந்தது. சித்தப்பா தன் காட்டை இரண்டு நாளில் உழுது விதைத்துவிட்டு அன்றைக்குத்தான் மாட்டை விட்டிருக்கிறார்.

அவன் உழுதுகொண்டிருந்தான். மயிலை அவன் மாடு, சித்தப்பா மாடு செவலை. செவலை ஒரு கை உயரம் கூட. நுகம் சாய்ந்து சால் இடது பக்கமாகவே இழுத்தது. அவன் அம்மா பின்னால் பருத்தி விதை போட்டுக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"கொட்டான இங்க குடுங்க அத்த."

கொடுத்துவிட்டு வரப்பில் போய் உட்கார்ந்தார். சாணியில் புரட்டிக் காயவைத்த விதை. பஞ்சு ஒட்டாமல் சாம்பல் நிறத்தில் தனித்தனியாக உருண்டது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. சால் முனையில் மாட்டைத் திருப்பும்போது கேட்டான்.

"எத்தன பாயிண்டு?"

"நாலு."

"லெஃப்ட்லயா?"

"ம்."

நாக்கைத் தட்டி மாட்டை விரட்டினான். அந்தச் சாலும் போனது, அடுத்த சாலும் போனது. நான் ஒரு எட்டுக்கு இரண்டு விதையாகப் போட்டுக்கொண்டே வந்தேன். மூன்றாவது சால் பாதியில், மேழியை விடாமல், தோளுக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தான்.

"வெத மேலயே விழுது. ஈரத்துல போய் விழணும். கைய எறக்கு."

கையை இறக்கினேன்.